நான்கு புதன்கிழமைகள்

போஸ்டர் கலரும் ஸ்பிரிட்டும் கலந்த ஒரு வாசனை… இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

கொரோனா ஓய்ந்த கையோடு எங்கள் ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதோறும் சித்திர வகுப்பு ஒன்று தொடங்கினார்கள். நோயாளிகளுக்கு இல்லை, எங்களுக்கு. வார்டிலேயே கிடந்து மனசு மரத்துப்போன நேர்ஸ்மாருக்கு.

காலை டியூட்டி ஒரு மணிக்கு முடியும். யூனிபோர்மோடேயே பழைய பிசியோ அறைக்குப் போய் உட்காருவோம். கிட்னி டிரேயில் தண்ணீர் ஊற்றி பிரஷ் கழுவுவோம். வரைந்ததை சேலைன் ஸ்டாண்டில் கிளிப் போட்டுக் காயவைப்போம். வெளியே மழை, உள்ளே ஆளுக்கொரு பிளேன் டீ.

என்னோடு வருவது புவனா. ஒரே பேட்ச், ஒரே வார்டு. இரண்டு பேரின் அம்மாவும் கொழுந்து பறித்துத்தான் எங்களைப் படிக்கவைத்தார்கள். நேர்சிங் படிக்கும்போது எல்லாப் பரீட்சையிலும் நான் முதல், அவள் எனக்கு அடுத்து. கடைசிவரை அப்படியே இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொரோனா வார்டில் புவனாவுக்குப் பேச்சு குறைந்துபோனது. ஏழாம் கட்டிலில் இருந்த ஓர் அம்மா அவள் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு தேவைக்குக்கூட வாய் திறக்க மாட்டாள். பஸ்ஸில் இறங்க வேண்டிய வட்டவளை தாண்டிப் போனது தெரியாமல் உட்கார்ந்திருப்பாளாம். வேலையை விடுகிறேன் என்று இரண்டு தடவை கடிதம் எழுதிக் கிழித்தாள்.

நான்தான் அவளை வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். இதையும் சொல்லிவைக்கிறேன்… எனக்கும் கொஞ்சம் நல்ல பெயர் வேண்டாமா.

முதல் நாள் நான் அடிமட்டம் வைத்து மலை வரைந்தேன். தேயிலைச் செடிக்குச் செடி ஒரே இடைவெளி. ஒரு குருவி மட்டும் கோணலாகப் போய்விட்டது. கை பழக்கத்தில் அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் என் இனிஷியலும் நேரமும் எழுதிவிட்டேன்! நோயாளியின் டிக்கெட்டில், அதுதான் கட்டிலோடு இருக்கும் சிகிச்சைக் குறிப்பில், பிழை விட்டால் அப்படித்தான் செய்வோம். அழிக்கக் கூடாது. முதலில் எழுதியது கீழே தெரிய வேண்டும்.

கொட்டகலையிலிருந்து வந்த சித்திர டீச்சர் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

“என்னங்க மிஸி, குருவிக்கு சைன் எல்லாம் வச்சிருக்கீங்க? ரப்பர் இருக்குல்ல, அழிச்சிருக்கலாமே!”

புவனா சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை… சுருக்கென்றது.

அவள் வரைந்திருந்தது ஏழாம் கட்டிலை. வெறும் கட்டில், மடித்துவைத்த போர்வை, திறந்த ஜன்னல். அவ்வளவுதான். டொக்டர் அதை பிரேம் போட்டு ஓபிடி சுவரில் மாட்டச் சொன்னார். போகிற வருகிற எல்லோரும் நின்று பார்த்தார்கள். “புவனா மிஸி கீறினதாம்” என்று ஆயாம்மா என்னிடமே வந்து சொன்னார். வயிறு எரிந்தது.

வாராவாரம் அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. என் மலை மட்டும் டெம்பரேச்சர் சார்ட் மாதிரியே இருந்தது.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் சொன்னாள்: “புதன்கிழமைன்னு ஒண்ணு இருக்கிறதாலதான்டி மத்த நாளெல்லாம் வேலைக்கு வர்றேன்.”

அந்த வாரம்தான் அடுத்த மாத ரோஸ்டர் எழுதினேன். வார்டு சிஸ்டருக்கு என் எழுத்து பிடிக்கும், அதனால் அது என் வேலை. புவனாவின் பெயருக்கு நேரே நான்கு புதனுக்கும் காலை டியூட்டிக்கான ‘எம்’ போட்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு நான்கையும் மாலை டியூட்டி ஆக்கினேன். ஒரு மணியிலிருந்து ஏழு மணிவரை. வகுப்புக்கு வர முடியாது.

புவனா ரோஸ்டரின் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

“புதன் பூரா எனக்கு ஈவினிங்காடி?”

“ஆளு இல்லயே புவனா, நான் என்ன செய்யிறது?”

“சரி, பரவால்ல.”

அந்த நான்கு புதனும் நான் போய் மலை வரைந்தேன். யாரும் சிரிக்கவில்லை. வார்டில் அவள் மறுபடியும் வாயை மூடிக்கொண்டாள். மனசு குத்தியது, அதற்கடுத்த மாதம் எல்லாப் புதனுக்கும் காலை போட்டேன். அவள் வகுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள்.

போகிற நாள் தன் பிரஷ்களை ஒரு பழைய யூனிபோர்ம் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள்.

“புதன்கிழமைய விட்டுறாத.”

தலையாட்டினேன். கதவுவரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

“ரோஸ்டர்ல ஒரு கோடுதானே போட்டிருந்த. கீழ இருந்த ‘எம்’மு நாலும் நல்லாவே தெரிஞ்சிச்சு, பக்கத்துல உன் சைனும். அழிச்சிருக்கலாம்லடி…”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இப்போது ரோஸ்டர் கம்ப்யூட்டரில். ஒரு தட்டுத் தட்டினால் காலை மாலையாகிவிடும், ஓர் அடையாளமும் இருக்காது. வகுப்பு இன்னும் நடக்கிறது. அவள் பிரஷ்ஷில்தான் வரைகிறேன், மலை இன்னும் நேராகத்தான் நிற்கிறது.

நேற்று அவள் ஒரு போட்டோ போட்டிருந்தாள். அங்கேயும் ஆஸ்பத்திரிச் சுவரில் அவள் படம், முன்னால் ஒரு கூட்டம். பார்த்ததும் பழைய இடத்திலேயே எரிந்தது. லைக் போட எனக்கு அரை நாள் ஆனது.

புவனா, அந்த மாதம் ஆள் இருந்தது. வேண்டுமென்றேதான் செய்தேன். இந்தப் பொறாமையை அழிக்க எனக்குத் தெரியவில்லை. மேலே ஒரு கோடு போட்டிருக்கிறேன்… பக்கத்தில் என் சைனும் இருக்கிறது.