புரட்டக்கூடாத பழங்கள்

இந்த நாட்டுச் சனத்துக்கு வெயில் என்றால் பயம். நாற்பது பாகை என்று வானொலி சொன்னால் போதும், ரோவில் என்கிற எங்கள் புறநகரில் தெரு முழுவதும் யன்னல் திரைகளை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே பதுங்கிவிடும். எனக்கோ கை துறுதுறுக்கும். இவ்வளவு நல்ல வெயிலை வீணாக்குகிறார்களே, ஒரு பாய் மிளகாய் காய்ந்துவிடாதா என்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் மனம் அடித்துக்கொள்கிறது.

வெயிலை மதிக்கத் தெரிந்தவர் பக்கத்து வீட்டு மார்கிரட் ஒருவர்தான். அவருடைய பாட்டன் காலத்திலிருந்து மறே ஆற்றுப் பக்கம் ஏப்ரிகொட் தோட்டம். பழத்தை இரண்டாகப் பிளந்து, கொட்டையை எடுத்து, மரத்தட்டுகளில் அடுக்கி வெயிலில் உலர்த்தி விற்பது குடும்பத் தொழில். தோட்டத்தைப் பராமரித்துவந்த அவருடைய தம்பி கோடை தவறாமல் ஒரு பெட்டி பழம் அனுப்புவார். தகப்பன் ஆணியடித்துச் செய்த தட்டில் மார்கிரட் அதைக் காயவைப்பார். இங்கே தை மாதம்தான் கோடை; போன தையில் வந்தது கடைசிப் பெட்டி. தம்பியின் பிள்ளைகள் ஒருவருக்கும் தோட்டம் வேண்டாமாம். வாங்கியவர்கள் மரங்களைப் பிடுங்கிவிட்டுப் பாதாம் வைக்கப்போகிறார்களாம். அந்தப் பழம் தட்டில் பாதியைத்தான் நிரப்பியது. விற்பனைக்குக் கையெழுத்து வைக்கப் புறப்பட்ட மார்கிரட், தட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி வேலிக்கு மேலால் கேட்டுவிட்டுப் போனார்.

பார்த்துக்கொள்வது என்றால் அவருக்குக் குருவி கொத்தாமல், மழை நனைக்காமல் காப்பது. என் மனுசனுக்கோ காயப்போட்டதைப் புரட்டாமல் இருக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் மிளகாய்த் தோட்டக்காரரின் பிள்ளை அவர். அந்தக் காணி இன்றைக்கும் இராணுவ முட்கம்பிக்குள் கிடக்கிறது. நான் வேலையால் வந்து பார்த்தால், பழப் பாதிகள் அத்தனையும் குப்புறக் கிடந்தன.

"ஐயோ, என்னப்பா, அவ சொல்லாமல் ஏன் தொட்டனியள்?"

"மேல்பக்கம் காய்ஞ்சிட்டுது. மற்றப்பக்கமும் காயவேணுமெல்லே? பாவம், மனுசிக்கு ஒரு உதவி."

வெட்டிய பக்கம் கிண்ணம்போல் மேலே பார்த்திருந்தால்தான் சாறு உள்ளுக்குள்ளேயே வற்றி இனிக்கும் என்பது மார்கிரட் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாறெல்லாம் மரத்தில் இறங்கிவிட்டது. அவர் ஒரு பழத்தைக் கிளப்பினார். சதை தட்டோடு நிற்க, தோல் மட்டும் கையோடு வந்தது. அதைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, "நோ வொரீஸ்" என்றார்.

"பாத்தியே, ஒண்டுமில்லையாம்" என்று இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இந்த ஊரில் நெஞ்சு வெடிக்கிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள் என்று இந்த மனுசனுக்கு எப்போது விளங்கும்? இனி அனுப்ப மரமே இல்லை என்று சொன்னேன். அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

"காயப்போட்ட மிளகாயை அள்ளாமல் ஓடி வந்தனாங்கள்" என்றார். "கடைசியாப் போட்டது என்ன ஆச்சுதோ எண்டு இண்டைக்கும் யோசிக்கிறன். அந்த மனுசியின்ரை கடைசியை நானே கெடுத்துப்போட்டன்."

அடுத்த கிழமை மார்கிரட் தட்டைக் கழுவி எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார். தனக்கு இனி எதற்கு, உங்கள் மிளகாய்க்கு ஆகட்டும் என்றார். வாங்க எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் வாங்கினேன்.

இந்தக் கோடை அதில் மிளகாய் காய்கிறது. மத்தியானத்தில் இவர் போய்ப் புரட்டுகிறார். எவ்வளவு கழுவியும் போகாத பழக்கறை தட்டின் ஒரு பாதியில் வட்டம் வட்டமாக இருக்கிறது. மிளகாய் முழுவதும் மற்றப் பாதியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கிடக்கிறது.

"இவ்வளவு இடம் கிடக்குது, பரப்பி விடுங்கோவன்" என்றேன்.

"அது அவையின்ரை காணி" என்றார்.