பொழுது சாய்ந்தால்தான் விரியும் சீலை

புலம்பெயர் தமிழர் நிறைந்த அஜின்கோர்ட்டில் ஒரு சின்ன மண்டபம். ராஜஸ்தானிலிருந்து வந்த கதைசொல்லி, சுருட்டிய சித்திரச் சீலையை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் பாடப் பாட, அவர் மனைவி விளக்கைத் தூக்கிச் சீலையில் குதிரையையும் வீரனையும் காட்ட வேண்டும். சனம் வந்து வெகுநேரமாகிறது. வெளியே ஜூன் மாத வெயில் இறங்குவதாயில்லை.

எனக்கு அரைகுறை இந்தி தெரியும் என்பதால் நடுவில் மாட்டிக்கொண்டேன். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்து அண்ணை சாவிக்கொத்தோடு வருகிறார்.

“தம்பி, ஒன்பதுக்குப் பூட்ட வேணும். உந்தச் சீலையை விரிக்கச் சொல்லும்.”

“பொழுது சாயாமல் விரிக்க மாட்டாராம் அண்ணே. விரித்துவிட்டால் அது கோயிலாம்.”

“இஞ்சை பொழுது சாய ஒன்பது தாண்டும். உவருக்கு ஆரும் சொல்லேல்லையோ?”

“எப்போது விரிப்பார் என்று அவரிடமும் யாரும் கேட்கவில்லையே.”

பின்வரிசையில் இரண்டு குடும்பங்கள் எழுந்துவிட்டன. கதைசொல்லியின் மனைவி, ஏற்றாத விளக்கைத் திரும்பத் திரும்பத் துடைக்கிறார். கடல் தாண்டி வந்த சீலை விரியாமலே திரும்பிவிடும் போலிருக்கிறது.

அண்ணை கதவைப் பார்க்கிறார், சீலையைப் பார்க்கிறார்.

“நான் ஹோலைத்தான் பூட்ட வேணும். கார் பார்க்கைப் பூட்டச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை. எல்லாரையும் எழும்பச் சொல்லும்.”

கார்களுக்கு நடுவே மேற்கைப் பார்த்து நிற்கிறோம். கடைசிச் சிவப்பும் மறைந்ததும் கதைசொல்லி தலையசைக்கிறார். சீலை விரிகிறது. காற்றில் சாயும் சுடரை அவர் மனைவி உள்ளங்கையால் காக்கிறார். சீலையின் ஒரு பக்கக் கம்பைப் பிடித்திருப்பவர் அண்ணைதான், காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு. இடுப்பில் சாவிக்கொத்து கிணுங்குகிறது. மற்றக் கையால் அதைப் பொத்திக்கொள்கிறார்.