குட்டி யானை நடந்த தூரம்

உள்ளூர் கேபிள் சேனலில் எடிட்டர் வேலை என்பது ஒட்டுவதைவிட அதிகம் வெட்டுவது. கள்ளக்குறிச்சியில் நான் அந்த வேலையில் இருந்தபோது, விடுமுறை நாட்களில் காலையில் கார்ட்டூன் போடுவோம். ஒரு மணி நேரப் படம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று நீங்கள் எப்போதாவது டிவியைப் பார்த்துக் கேட்டிருந்தால், உங்கள் ஊரிலும் என்னைப் போல ஒருவன் இருந்திருக்கிறான்.

மாமன்கள்

அந்தப் பொங்கலுக்கு ஒரு குட்டி யானைப் படம். காட்டுத் தீயில் தாயைப் பிரிந்த குட்டி, ஆறும் மலையும் கடந்து தேடிப்போய்ச் சேரும் கதை. நடுவே துணிக்கடை, நகைக்கடை விளம்பரங்கள். அவற்றைவிட நீளமானவை காதணி விழா வாழ்த்துகள். குழந்தையின் படம் ஓரமாக இருக்கும். தாய்மாமன்கள் ஒவ்வொருவராகக் கைகூப்பி வருவார்கள். ஒருவர் விட்டுப்போனாலும் பந்தலில் சண்டை.

வாழ்த்தில் கொஞ்சம் குறைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன்.

"மாமன் மூஞ்ச வெட்டுனா வூட்டாண்ட வந்து நிப்பான்யா. யானைக்கு யார் வந்து கேக்கப்போறா?"

நடுப்பகுதி

தொடக்கத்தை வெட்டினால் கதை புரியாது. முடிவை வெட்டினால் பிள்ளைகள் அழுவார்கள். எல்லா ஊரிலும் நடுப்பகுதிதான் வெட்டுப்படும். ஆறு போயிற்று. மழை போயிற்று. குட்டி ஓர் ஆமையிடம் வழி கேட்பதும், பாறையடியில் தனியாகத் தூங்குவதும் போயின. தீயில் தாய் மறைகிறது, விளம்பரம் வருகிறது, விளம்பரம் முடிந்ததும் தாய் எதிரே நிற்கிறது. வெட்டிய இடம் தெரியவே இல்லை. அறிவிப்பு வாசிக்கும் செல்வி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல தொலைஞ்சா மாதிரி இருக்குது சார். திரும்பிப் பாத்தா அம்மா நிக்குது."

யானைக்காக வந்தவர்

பொங்கல் முடிந்து சில நாளில் கச்சிராயபாளையத்திலிருந்து அஞ்சலை என்ற பெண் வந்தார். கரும்பு வெட்டும் கூலி வேலை; முழங்கையெல்லாம் கரும்பின் சோகை இலை கிழித்த கோடுகள். அவருடைய அக்கா கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருந்தார். அக்கா மகள் இவரிடம் இருந்தாள். படம் பார்த்த நாளிலிருந்து அந்தக் குழந்தை டவுன் பஸ் வரும்போதெல்லாம் ரோட்டுக்கு ஓடுகிறதாம். சாப்பிடக் கூப்பிட்டால், அம்மா இப்போது வந்துவிடும் என்கிறதாம்.

"நெசமாவே அந்தப் படத்துல அம்மா அவ்ளோ சீக்கிரம் வந்துடுதா சார்?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டரில் முழுப் படத்தையும் போட்டுக் காட்டினேன். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், நின்றபடியே பார்த்தார். பாறையடியில் குட்டி படுத்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். படம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இம்மாந் தூரம் நடந்துச்சா அது? இத்தப் போய் இன்னாத்துக்கு சார் வெட்டுனீங்க? எங்க பாப்பா பாக்க வேண்டியதே இதானே."

மறு ஒளிபரப்பு

குடியரசு தினத்துக்கு அதே படத்தை மறுபடி போட்டேன். மாமன்கள் குறையவில்லை, அரை மணி நேரமும் கூடவில்லை. இந்த முறை தொடக்கத்து விளையாட்டும் பாட்டும் போயின, கடைசிக் கொண்டாட்டம் போயிற்று. நடை மட்டும் முழுதாக நின்றது. தாயின் தும்பிக்கை குட்டியைத் தொட்டதும் வாழ்த்து வந்துவிடும்.

முதலாளி அறைக்கே வந்துவிட்டார். "இன்னாய்யா, யானை நடந்துகினே கெடக்குது? இன்னொருக்கா இப்படிப் பண்ணுனா நீயும் கூடவே நடந்துடு."

நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. அஞ்சலைதான்.

"பாத்துச்சு சார். 'அம்மா இப்ப ஆத்தங்கரையாண்ட வந்துருக்குமா சித்தி'ன்னு கேட்டுச்சு. இன்னும் வந்திருக்காதுன்னேன். சரின்னுட்டு சோறு துன்ன ஒக்காந்துச்சு."

வெட்டிய இடம் தெரியாமல் வெட்டுவதுதான் இந்தத் தொழிலின் திறமை என்கிறார்கள். அந்த இடத்தில் யாரும் காத்துக்கொண்டிருக்காதவரை அது சரிதான்.