குழந்தைகள் பத்தியில் ஒரு கையெழுத்தும் இல்லை

எங்கள் சித்தி பொது நூலகத்தில் உதவியாளர். கலைத்துப் போட்ட புத்தகங்களைத் திரும்ப அடுக்குவதிலேயே அவருக்குப் பதினேழு வருடம் ஓடிவிட்டது. அவர் தாமாகக் கேட்டு வாங்கிய வேலை ஒன்றே ஒன்றுதான்: புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கைக்குழந்தைகளுக்கான கதை நேரம்.

நானும் சில முறை போய்ப் பார்த்திருக்கிறேன். சித்தி விரிப்பைத் தட்டிப் போட்டு, கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தூக்கிப் பிடிப்பார். யானைப் படம் வந்ததும் கையைத் தும்பிக்கையாக ஆட்டிப் பாடுவார். குழந்தைகள் புத்தகத்தைக் கடிக்கும். அம்மாக்கள் பதறிப் பிடுங்கினால், கடித்துப் பார்த்தால்தானே ருசி தெரியும் என்பார்.

போன மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாரத்துக்குப் பத்துப் பேர்கூட வராத நிகழ்ச்சிகளை நிறுத்த வேண்டுமாம். சித்தி கவலைப்படவில்லை. பதினான்கு குழந்தைகள் வருகிறார்களே. ஆனால் நூலகர் வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். குழந்தைகள், குடும்பங்கள், இளையோர், பெரியவர்கள் என்று நான்கு பத்திகள். கையெழுத்துப் போடுபவரின் வயது எதுவோ, அந்தப் பத்தியில்தான் போட வேண்டும். போட்டதெல்லாம் அம்மாக்கள். எல்லாம் பெரியவர்கள் கணக்கில் ஏறியிருந்தது.

"குழந்தைங்க பத்தியில ஒரு கையெழுத்துகூட இல்லையேம்மா" என்றார் நூலகர்.

"எட்டு மாசக் குழந்தை எப்படி சார் கையெழுத்துப் போடும்?"

"வந்தவங்க போடணும்னு விதி. நான் என்ன செய்யட்டும்?"

"வந்தாங்க சார். உங்க மேசைக் காலைக்கூட ஒண்ணு கடிச்சிட்டுப் போச்சு."

சித்தி தலைமை அலுவலகத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். பதில் நான்கு வரியில் வந்தது. குழந்தைகள் நிகழ்ச்சி நிறுத்தம். பெரியவர்கள் நிகழ்ச்சிக்கு நல்ல கூட்டம் வருவதால் பாராட்டு. அதற்கே இனி புதன்கிழமை காலையும் ஒதுக்கப்படுகிறது. பெரியவர்கள் நிகழ்ச்சி என்பது மாலையில் நடக்கும் சொற்பொழிவு; அதற்கு உண்மையில் வருவதே இரண்டு பேர்தான், அதில் ஒருவர் தூங்க வருகிறவர். காலை நிகழ்ச்சிக்குப் பொறுப்பு சித்தி. தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: ரத்த அழுத்தம்.

விஷயத்தைச் சொல்லியும் அம்மாக்கள் அந்தப் புதன்கிழமை குழந்தைகளோடுதான் வந்தார்கள். நூலகர் பின்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். சித்தி துண்டுப் பிரசுரத்தை வாசிக்கத் தொடங்கினார். குழந்தைகள் படப் புத்தகங்களை வைத்துப் பூட்டிய அலமாரியை நோக்கித் தவழ்ந்தன. ஒன்று அழ, மற்றவையும் சேர்ந்துகொண்டன.

"யானை இல்லையாக்கா?" என்று ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார்.

சித்தி பின்வரிசையைப் பார்த்தார். பிறகு, உப்பைக் குறைக்க வேண்டும் என்ற வரியையே யானைப் பாட்டு மெட்டில் கைதட்டிப் பாடினார். அழுகை நின்றது. நூலகர் ஏதோ எழுதிக்கொண்டார். பதினான்கு பெரியவர்கள், கூர்ந்து கவனித்தார்கள் என்று எழுதியிருந்ததைச் சித்தி பிறகு பார்த்தாராம்.

வீட்டுக்கு வந்ததும் என் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். எப்படியோ சமாளித்துவிட்டாயே என்று அம்மா சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை.

"என்னத்தக்கா சமாளிச்சேன்? பல்லு முளைக்காத பிள்ளைங்ககிட்ட உப்பைக் குறைன்னு பாடிட்டு வந்திருக்கேன். அடுத்த வாரம் மூட்டுவலியாம்."

சாப்பிடக் கூப்பிட்டும் வராமல், அடுத்த கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டார்.