கோடு இல்லாத அக்கா

தாமல் பால்வாடியில் உதவியாளராக இருந்த கிருஷ்ணவேணிக்கு இருபத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அவளுக்குப் பிடித்தவன் அவளுக்கு அண்ணன் முறை. பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பிரேம்நாத்தின் அம்மா ஜெயம்மாளை, இவள் அம்மா மணியம்மாள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அக்கா தங்கச்சி பிள்ளைகள் கட்டிக்கொள்ள முடியுமா? முடியாது என்று ஊரே தலையாட்டியது. கிருஷ்ணவேணி மட்டும் நான்கு வருஷமாக அவனை அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். வேறெப்படியும் கூப்பிட வழியில்லாததால், பால்வாடி மோட்டார் நின்றுபோனால் அவன் கடை வாசலில் போய் நின்று இருமுவாள். அவன் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவான். அந்த மோட்டார் ஏன் மாதத்துக்கு மூன்று தடவை நிற்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

1998 தை மாதம் ஜாஹ்னவி வந்தாள். சின்ன காஞ்சிபுரத்துப் பெண். கிராமத்தில் யாருக்கு யார் என்ன உறவு, எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்பவள். வீடு வீடாகக் கூட்டிப்போக ஆள் கேட்டாள். கிருஷ்ணவேணியைக் கைகாட்டினார்கள். தாளில் அவள் வரைந்த உறவுப் படத்தில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு, பிள்ளைக்கு மேலிருந்து கீழே ஒற்றைக் கோடு, செத்தவர்மேல் குறுக்கே ஒரு கீறல். இரண்டே நாளில் கிருஷ்ணவேணிக்கு இது கோலம் போடுவதைவிடச் சுலபமாகக் கைவந்துவிட்டது.

ஊர்தான் வழிக்கு வரவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை சொன்னார்கள். ஒரு வாரம் எழுதிப் பார்த்ததில், பால்காரர் கண்ணாயிரம் தன் பெண்டாட்டிக்கே சித்தப்பாவாகிப்போனார். பூவராகவன் செத்துவிட்டதாக அவர் தம்பி சொன்னதை நம்பிக் கீறல் போட்டார்கள். மறுநாள் அவரே சைக்கிளில் வந்து, தன்மேல் போட்ட கோட்டை அழித்தால்தான் இறங்குவேன் என்று ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றி நின்றார். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் அந்தத் தம்பிக்குச் செத்தவன்தானாம்.

அதோடு ஜாஹ்னவி ஒரு சட்டம் போட்டாள். வாயால் கூப்பிடுகிற முறைக்குத் தனி நோட்டு. தாளில் வருவது, யார் யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார் என்பது மட்டும்.

அந்தச் சட்டப்படி ஒரு மதியம் கிருஷ்ணவேணி தன் வீட்டை எழுத உட்கார்ந்தாள். மணியம்மாளுக்கு மேலே கோடு இழுத்தாள், ஜெயம்மாளுக்கு மேலே இழுத்தாள். தாத்தா, முப்பாட்டன் என்று மேலே போய்க்கொண்டே இருந்த இரண்டும் எங்கேயும் சேரவில்லை. இருவரும் வாலாஜாபாத் பக்கம் ஒரே தெருவில் பிறந்து ஒரே வருஷம் தாமலுக்கு வாக்கப்பட்டவர்கள், அவ்வளவுதான்.

பிறகு அப்பா பக்கம் வந்தாள். அப்பாவின் தங்கை எல்லம்மாள் அத்தை. அத்தை புருஷனுக்கு ஓர் அண்ணன் உண்டு. இருபது வருஷத்துக்கு முந்தைய வரப்புத் தகராறில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று, யாரும் முறை சொல்லிக் கூப்பிடாமல் விட்டுப்போன அந்த அண்ணன்தான் பிரேம்நாத்தின் அப்பா. ஊரில் இது தெரியாதவர் இல்லை. சேர்த்துப் பார்த்தவர்தான் இல்லை. அத்தை புருஷன் மாமா என்றால் அவர் அண்ணனும் மாமாதான். அப்படியானால் அவன் மாமன் மகன். கிருஷ்ணவேணி எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். திரும்பி வந்து மறுபடி விரலை ஓட்டினாள். மாமன் மகன்தான். அன்றைக்குப் பார்த்து மோட்டார் ஒழுங்காக ஓடியது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஜாஹ்னவி கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தாள்களையெல்லாம் ஒட்டி, தறிக்காரர்கள் தெருவில் பாவு நூலை நீட்டுகிற மாதிரி பால்வாடித் தரையில் விரித்தார்கள். ஊர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது. தம்பியின் முக்கோணத்தைவிடத் தன்னுடையது சின்னது என்று பூவராகவன் குறைப்பட்டார். சிரிப்பு அடங்கும் நேரம் பார்த்து, கிருஷ்ணவேணி தென்னங்குச்சியைத் தன் வட்டத்தில் வைத்தாள். அப்பா, அத்தை, அத்தை புருஷன், அவர் அண்ணன் என்று குச்சி நடந்து பிரேம்நாத்தின் முக்கோணத்தில் நின்றது.

எல்லோரும் மணியம்மாளைப் பார்த்தார்கள்.

"அப்போ எங்க அக்கா இதுல எங்கடி போனாங்க?" என்றாள் அவள்.

"அக்காவுக்குக் கோடு இல்லம்மா."

"முப்பது வருசமா எனக்கு ஒண்ணுன்னா ஓடியாந்தாங்களே, கோட்டப் பாத்துக்கினா வந்தாங்க? உங்க ரெண்டு பேருக்கும் கட்டி வச்சா, நாளைக்கு நான் அவங்கள இன்னான்னு கூப்பிடுவேன்?"

அம்மா இத்தனை நாளாகக் கட்டிக் காத்தது அந்த அக்காவைத்தான் என்று கிருஷ்ணவேணிக்கு அப்போதுதான் உறைத்தது. குச்சியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

ஜெயம்மாள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள். "சம்பந்தின்னு கூப்பிடு மணி. அக்காவ திட்டுனா ஊரு தப்பா பேசும். சம்பந்திய திட்டுனா யாரு கேக்கப் போறாங்க? எத்தினி வருசமா உள்ள வச்சிக்கினு இருக்கியோ, பாவம்."

மணியம்மாள் முகத்தை இறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். தோள்தான் முதலில் குலுங்கியது.

"கொஞ்சம் நெறையவே இருக்குதுக்கா," என்றாள்.

கூரை அதிரச் சிரித்தார்கள். கிருஷ்ணவேணி அந்தச் சந்தடியிலேயே பென்சிலை எடுத்துவிட்டாள். நடக்காத கல்யாணத்துக்குக் கோடு போடக் கூடாது என்று ஜாஹ்னவி பதறினாள். பென்சில்தானே மேடம், வைகாசியில் மேலே மை போட்டுக்கொள்ளலாம் என்று இவள் சமாதானம் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து, கூட்டத்தைக் கண்ட பிரேம்நாத் பையும் கையுமாக வாசலில் வந்து நின்றான். மோட்டார் மறுபடியும் நின்றுவிட்டதா என்று கேட்டான்.

கிருஷ்ணவேணி இருமவில்லை.

"நல்லாதான் ஓடிக்கினு இருக்குது, மாமா," என்றாள்.