புரட்டிப் போட்ட ஜெர்சி

ஞாயிறு காலை. மெல்பர்ன் கிளேட்டனில் ஓர் ஈழத்தமிழர் கடையில் அப்பத்துக்காகக் காத்திருக்கிறேன். கடைக்காரர் குமரன் அண்ணன் அடுப்பை விட்டுவிட்டு டிவியையே பார்க்கிறார். இங்கிலாந்தில் அவருடைய கால்பந்து டீம் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த டீமின் ஜெர்சியைத்தான் போட்டிருக்கிறார். ஆனால் உள்பக்கம் வெளியே தெரிகிறது.

"தெரியாம மாத்திப் போட்டுட்டீங்களாண்ணா?"

"தெரிஞ்சுதான் போட்டனான். மகள் ஆசையா வாங்கித் தந்தது, போடாமல் இருக்கேலாது. ஆனா முன்பக்கத்தில, டீமை வாங்கின பணக்காரன்ர கம்பெனிப் பேர் கிடக்கு. அரபு நாட்டில அவன்ர கம்பெனியிலதான் என்ர தம்பி கட்டட வேலை செய்தவன். பாஸ்போட்டைப் பறிச்சு வச்சுக்கொண்டு, அம்மான்ர செத்தவீட்டுக்கும் அவனை விடேல்லை."

"அப்போ வேற டீம் பாக்கலாமே?"

"சின்ன வயசில இருந்து பாக்கிற டீம். அந்தப் பணக்காரன் நேற்று வந்தவன். நான் ஏன் போகோணும்?"

அந்த நேரம் பார்த்து அவர் டீம் கோல் போடுகிறது. அண்ணன் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்கிறார். அடுப்பில் என் அப்பம் கருகுகிறது. மூச்சு வாங்க நின்று நெஞ்சைச் சொறிந்துகொள்கிறார்.

"பிரட்டிப் போட்டால் அந்தப் பேர்தான் நெஞ்சில உரசுது" என்கிறார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.