பார்லர் அக்கா வாய் திறக்காத நாட்கள்

எங்கள் தெரு பார்லர் அக்காவின் கத்தரிக்கோலுக்கு ஓய்வு உண்டு, வாய்க்குக் கிடையாது. கழுத்தில் துணியைக் கட்டியதும் மகளின் மார்க்கில் ஆரம்பித்துவிடுவார்.

"கெமிஸ்ட்ரில தொண்ணூத்தி ரெண்டுதான். அடுத்த தடவ நூறு எடுத்தே ஆகணும்னு சொல்லிட்டேன்."

ஈரத் தலையோடு எழுந்து ஓடவா முடியும்? எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

மாட்டிக்கொண்டவள் அந்தப் பெண். தெருவில் தலை காட்டினால் போதும், மருந்துக்கடைக்காரர் முதல் மாடிவீட்டு அத்தை வரை "நூறு வந்துச்சா?" என்று பிடித்துக்கொள்வார்கள். தொண்ணூற்றிரண்டு எழுபதானது. அரையாண்டில் முப்பத்தொன்று, ஃபெயில். முழுத்தேர்விலும் இப்படியானால் அவள் ஆசைப்பட்ட நர்சிங் படிப்பு அவ்வளவுதான்.

அன்று நாற்காலியில் நான். ட்யூஷனை மாற்றப்போவதாக அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, பள்ளிப் பையோடு மகள் உள்ளே வந்தாள்.

"ட்யூஷன் வேணாம்மா. கெமிஸ்ட்ரி எனக்குத் தெரியும். பரீட்சை எழுத உக்காந்தா, நீ யார் யார்கிட்ட என்ன சொல்லுவியோன்னே நெனப்பு ஓடுது, கை எழுத மாட்டேங்குது. என் மார்க்கை யார்கிட்டயும் பேசாத. என்கிட்டயும் கேக்காத."

அக்கா வாயடைத்துப் போனார். கத்தரிக்கோல் மட்டும் நிற்கவில்லை. என் முடி காதுக்கு மேலே ஏறிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பொய்.

அதற்குப் பிறகு யார் கிண்டினாலும் பேச்சு பொடுகுக்குப் போய்விடும். நுனிநாக்குவரை வந்ததை விழுங்க அவர் பட்ட பாடு கண்ணாடியில் எனக்கு நன்றாகவே தெரிந்தது. வீட்டிலும் அப்படித்தானாம். மனுஷி லேசுப்பட்டவர் இல்லை, சாதித்துவிட்டார்.

முழுத்தேர்வு முடிவு வந்த அன்று கடையில் நிற்க இடமில்லை. தலை நிறையச் சாயத்தோடு மாடிவீட்டு அத்தை விடாமல் நச்சரித்தார்.

"அவ மார்க்கு, அவதான் சொல்லணும்" என்றார் அக்கா. தனக்கே இன்னும் தெரியாதென்று அவர் காட்டிக்கொள்ளவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அவளே ஓடிவந்தாள். "அம்மா! கெமிஸ்ட்ரில எண்பத்தெட்டு! நர்சிங் சேர்ந்துடலாம்!"

கடையே கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அப்போ நூறு வரலியா?" என்றார் அத்தை.

அக்கா மகளை விட்டுவிட்டு வந்து, அத்தையின் தலையைத் தொட்டியில் சாய்த்தார்.

"கண்ண மூடிக்கோங்க அத்தை. வாயையும்."

குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்.